யாருக்கு நன்றி?

நன்றி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நம் ஆட்களிடம் அதை எப்போதும் மேலே இருப்பவர்கள்தான் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். உழைத்த கூலியைக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பார்கள். சட்டப்படி வரவேண்டிய பட்டாவைக் கொடுத்தாலும் அப்படித்தான். உரிமை என்று வாய் திறந்தால் 'நன்றி கெட்டதுங்க'. அதனால் 'தினமும் நன்றிக் குறிப்பு எழுதுங்கள்' என்கிற அறிவுரை நம் காதில் வேறு மாதிரி விழுகிறது. ஆனாலும் நான் ஒரு நோட்டு எழுதுகிறேன். அதில் நன்றி மேலே போவதில்லை.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் படும் இடங்களில் யார், எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பொதுவளத்தைக் காக்கும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும். அந்தப் பாடு வழிவழியாகப் பட்டினவர் கிராமங்களுக்குள்ளேயே சுற்றியது. அதே ஏரியை நம்பிய தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் மிஞ்சியது இன்னொரு பாடு. இருளப் பெண்கள் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறி பல்லிடுக்கில் இருக்கும். இறால் எங்கே பதுங்கும் என்பது அவர்கள் விரல்நுனிக்குத் தெரியும். அந்த அறிவை நாமும் 'வலை இல்லாதவர்கள்' என்று மனுவில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

நம் நோட்டுகளைத் திறந்து பாருங்கள் தோழர்களே. மனு நகல், வழக்கு எண், வாய்தா தேதி. அவை கட்டாயம் வேண்டும். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு நிற்பதே அப்படிப்பட்ட குறிப்புகளால்தான். ஆனால் நமக்கு என்ன செய்தார்கள் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. நாம் எதை உண்டாக்கினோம் என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி, கையில் ஏதுமில்லாத நாட்களில் தன் மனதுக்காக எழுதியதுதான் 1992இல் 'கருக்கு' ஆனது. மராட்டியத்தில் பேபி காம்ப்ளே சின்ன மளிகைக் கடை நடத்தியவர். பொட்டலம் மடிக்க வந்த பழைய தாள்களைப் படித்தார். தான் எழுதியதை 20 ஆண்டுகள் வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். 'நான் எழுதுகிறேன்' என்று சொல்லக்கூட இடமில்லாதபோதும் அந்தத் தாள்களை அவர் அடுப்பில் போடவில்லை, பாருங்கள். நான் சொல்லும் நன்றி அதுதான்.

இரவில் மூன்று வரி போதும். இன்று என் கையிலிருந்தோ வாயிலிருந்தோ புதிதாக வந்தது என்ன? கூட்டத்தில் பிடித்துக்கொண்ட ஒரு முழக்கம், பறையில் விழுந்த ஒரு புது அடி, தங்கைக்குக் கணக்கு விளங்கவைத்த ஓர் உதாரணம். எதுவானாலும் தேதி போட்டு எழுதுங்கள். மனம் லேசானால் நல்லது. பாடு இல்லாத குடும்பத்துக்கு அதனால் பாடு கிடைத்துவிடாது; மனுவும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் மாலை வகுப்பில் ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: 'எங்க அம்மா கைக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்.' அடுத்த வரியில், 'இத யார்கிட்டயும் பாத்து எழுதல, நானே எழுதுனது.' அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.