சாப்பிட்டியா கண்ணு?

ராசிபுரத்து அம்மாவுக்கு மகன் டல்லாஸில், மகள் லண்டனில். கடையில் பில் போடும் பெண் 'ஹவ் ஆர் யூ?' என்று சிரித்ததும், மகன் தனக்குக் காய்ச்சல் வந்த கதையை ஆரம்பித்தானாம். அவரோ அடுத்த ஆளுக்கு பில் போடப் போய்விட்டாராம். லண்டன் ஆபீஸில் 'ஆர் யூ ஆல்ரைட்?' என்றதும், முகம் வாடியிருக்கிறதோ என்று மகள் பயந்தாளாம். இரண்டுமே வெறும் வணக்கம்தான்.

சேலம், நாமக்கல் பக்கம் அதுவே, 'சாப்டீங்களா?' இங்கும் பலர் பதிலுக்கு நிற்பதில்லை.

ஒருநாள் மகன் திருப்பிக் கேட்டான்: "நீ சாப்பிட்டியாம்மா?"

தனியாளுக்கு எதற்கென்று அன்று அடுப்பே பற்றவைக்காத அம்மா, "ஆச்சு கண்ணு" என்றார்.

"என்ன குழம்பு?"

பதில் வரவில்லை.

இப்போது அந்த இரண்டாவது கேள்வியைத் தினமும் கேட்கிறான். அதற்காகவே அம்மா சமைக்கிறார்.