மரமில்லாச் சமவெளியில் ஓர் இரவு

2018ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் தங்கையிடம் போயிருந்தேன். பேர்த் நகரிலிருந்து அடிலெயிட்டுக்குத் தரை வழியாகவே போவோம் என்றாள். அவளிடம் பழைய வீட்டு வாகனம் ஒன்று இருந்தது. அடுப்பு, படுக்கை, தண்ணீர்த்தாங்கி எல்லாம் அதற்குள்ளேயே. தங்கைதான் சாரதி. நானும் ஒன்பது வயதுப் பெறாமகனும் பயணிகள்.

அந்த வழியில் நல்லாபோர் சமவெளி வருகிறது. லத்தீன் மொழியில் 'மரம் இல்லை' என்பதே பெயரின் பொருள். சுண்ணாம்புக்கல் நிலம். பெய்யும் மழை உடனே கீழே இறங்கிவிடும். ஆறும் இல்லை, குளமும் இல்லை. 1841இல் எட்வேர்ட் ஜோன் எயர் என்ற ஆங்கிலேயர் இக்கரையோரமாகப் போனபோது, ஆதிக்குடிகள் காட்டிய மணல் மேடுகளைத் தோண்டித் தண்ணீர் எடுத்தார். நெடுஞ்சாலைக்கும் அவர் பெயர்தான். பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீற்றர் தூரம் வளைவே இல்லாத நேர்ச்சாலை.

அந்த நேர்ச்சாலையின் நடுவில், பின்னேரம் மூன்று மணிக்கு, வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. தங்கை ஓரமாக நிறுத்தினாள். முன்பக்கத்தில் ஆவி கிளம்பியது. கீழே பச்சைத் தண்ணீர் சொட்டியது. றேடியேற்றர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அக்கா, மூடியைத் தொடாதேங்கோ. இப்ப திறந்தால் கொதிதண்ணி முகத்தில அடிக்கும்" என்றாள்.

கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நன்றாக ஆறியபின் தடித்த துணியால் மூடியை மெல்லத் திருப்பினாள். உள்ளே பாதிக்கு மேல் வெறுமை. வாகனத்தின் தாங்கியும் அநேகமாக முடிந்திருந்தது. கான்களில் 20 லீற்றர் குடிதண்ணீர் மட்டுமே.

"எல்லாத்தையும் ஊத்திக்கொண்டு போவம், கைகுனாவுக்குப் போயிடலாம்" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். 2009இல் செட்டிகுளம் முகாமில் ஒரு வாளி தண்ணீருக்காக வெயிலில் நின்றவள் நான். "முதலில குடிக்கிற பங்கைப் பிரிச்சு வை" என்றேன்.

"இது வன்னி இல்லை அக்கா" என்றாள் கோபமாக.

நான் பதில் சொல்லவில்லை. கானையும் விடவில்லை. மூன்று பேருக்கு இரண்டு நாளுக்கென 12 லீற்றரைப் படுக்கைக்குக் கீழே வைத்தேன். மீதி 8 லீற்றர் வாகனத்துக்கு.

உள்ளே இருக்கும் சூடாக்கியை முழுதாகத் திறந்துவிட்டு மெதுவாக ஓட்டினாள். அது இயந்திரத்தின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துவிடுமாம். இடையில் இரண்டு தரம் நின்று, ஆறவிட்டு, நிரப்பினோம். 30 கிலோமீற்றர் போவதற்குள் 8 லீற்றரும் முடிந்தது. இருட்டியும் விட்டது. கங்காருக்கள் பாயும் நேரம். நிறுத்திவிட்டோம்.

அன்றிரவு குளிர். தங்கை தேத்தண்ணீர் ஊற்றி முதல் கோப்பையை எனக்குத் தந்தாள். "நீங்கள் மறிச்சது நல்லது அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

விடியற்காலை ஒரு லொறிச் சாரதி நிறுத்தினார். றேடியேற்றரில் மயிரிழை போன்ற வெடிப்பைக் கண்டுபிடித்து, சவர்க்காரத்தைத் தேய்த்து அடைத்தார். தன் தண்ணீரை நிரப்பி, கைகுனா வரை பின்னாலேயே வந்தார். புதிய றேடியேற்றர் வந்துசேர மூன்று நாளானது.

சகோதரிகளே, இன்று எம்மில் பலர் வானும் உழவு இயந்திரமும் ஓட்டுகிறோம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இயந்திரமே வெடிக்கலாம். ஒழுகும் பச்சைத் தண்ணீர் நஞ்சு; இனிப்பாகவும் இருக்கும். பிள்ளைகளையும் நாய்களையும் அதன் கிட்ட விடாதீர்கள். சவர்க்காரம் திருத்தும் கடை வரைக்கும்தான்.

ஒழுகும் பாத்திரத்தில் ஊற்றுவதற்கு முன், குடிக்கிற பங்கை எடுத்து வையுங்கள். நாங்கள் பட்டுப் படித்தது எந்த ஊரிலும் உதவும்.