ஆறு மீட்டர் ரிப்பன்

ரிப்பன் என்றவுடன் நேயர்களுக்குப் பள்ளிக்கூடப் பெண்களின் இரட்டைச் சடைதான் ஞாபகத்துக்கு வரும். செம்பரம்பாக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் எதிரேயுள்ள பெட்டிக் கடையில் அதை முழக் கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள். ஆறு மீட்டர் வாங்கினால் ஒரு வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்கும் தாராளமாகப் போதும். அத்தனை நீள ரிப்பனை ஒரே பெண் ஒரு குச்சியின் நுனியில் மாட்டிக் கொண்டு, அது துவளாமலும் முடிச்சு விழாமலும் கையை விட்டு நழுவாமலும் சங்கீதத்துக்கு இசைய ஒன்றரை நிமிஷம் ஆடுகிறாள் என்றும், அதற்காக உலகத்து நாடுகளெல்லாம் கூடிப் பந்தயம் வைத்துப் பதக்கம் வழங்குகின்றன என்றும் சொன்னால், "வேறு வேலை இல்லையா?" என்று கேட்பவர்கள்தாம் அதிகம். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்.

ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர். 13 மீட்டர் சதுரமுள்ள விரிப்பில் கயிறு, வளையம், பந்து, கட்டை, ரிப்பன் ஆகிய கருவிகளை வைத்துக் கொண்டு ஆடுவது. ஒலிம்பிக்ஸில் 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் சேர்க்கப்பட்டது. அங்கே இது பெண்களுக்கு மட்டுமே உரியது. நான் இதை முதன் முதலில் பார்த்தது 2010-ஆம் ஆண்டு அக்டோபரில், டில்லியில் காமன்வெல்த் விளையாட்டுக்கள் நடந்தபோது. நேரில் போய் அல்ல, தொலைக்காட்சியில்தான். இந்திரா காந்தி உள்ளரங்கத்தில் பந்தயம். ஆஸ்திரேலியாவின் நாஸ்மி ஜான்ஸ்டன் தனிநபர் பந்தயத்தில் முதலாக வந்தார். நம் நாட்டின் சார்பில் பூஜா சுர்வே, அக்ஷதா ஷேட்டே, க்ஷிப்ரா ஜோஷி என்ற மூன்று பெண்கள் ஆடினார்கள். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் இந்தியப் பெண்கள் உலகத்தார் முன்னிலையில் பந்தை மேலே எறிந்து விட்டு, அது திரும்பி வருவதற்குள் தரையில் உருண்டு எழுந்து, முதுகில் ஏந்திக் கொள்ள முயல்வதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. வீட்டிலுள்ளவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இது மேல்நாட்டு விளையாட்டு. நமக்கு ஒத்து வராது என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லி விடுகிறேன். கொங்குவேளிரின் பெருங்கதையில் பெண்கள் பந்தாடும் அழகைச் சொல்வதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தாடிக் கொண்டுதான் நம் முன் வருகிறாள். பின்னல் கோலாட்டத்தில் நம் பெண்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக் கொண்டு, ஆடியபடியே அதைச் சடையாகப் பின்னி, பிறகு ஆடியபடியே அவிழ்த்தும் விடுகிறார்கள். ரிப்பனில் முடிச்சு விழுந்தால் மதிப்பெண் குறைக்கிற நடுவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ! எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கட்டை இருக்கிறதே, அது நம் சிலம்பக் கூடங்களின் கர்லாக்கட்டைக்குப் பேத்தி முறை. இந்த நாட்டில் அதைச் சுழற்றக் கண்ட ஆங்கிலேயப் பட்டாளத்தார் 19-ஆம் நூற்றாண்டில் தங்கள் ஊருக்குக் கொண்டு போனார்கள். 'இந்தியக் கட்டை' என்ற பெயருடனேயே அது ஐரோப்பாவில் பரவியது. பட்டாளத்துப் பயில்வான்கள் சுற்றிய கட்டை, உடல் மெலிந்து, பதினாறு வயதுப் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மலேசியா இதையெல்லாம் ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. 1998-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் பந்தயத்தில் குழுவுக்கான தங்கப் பதக்கத்தை வாங்கி விட்டது. அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண்ணின் பெயர் சரீனா சுந்தர ராஜா. சுந்தர ராஜா என்ற பெயர் நம் காதுக்குப் புதிதல்லவே!

பதக்கக் கதைகளில் என் வகுப்பில் நான் அடிக்கடி சொல்வது டோக்கியோ கதைதான். 2020-ஆம் ஆண்டு ஒலிம்பிக்ஸ், கொள்ளை நோயினால் தள்ளிப் போய் 2021 ஆகஸ்டில் நடந்தது. 2000 முதல் 2016 வரை நடந்த ஐந்து ஒலிம்பிக்ஸிலும் தனிநபர் தங்கத்தை ருஷியப் பெண்களே கொண்டு போயிருந்தார்கள். டோக்கியோவிலும் தீனா அவெரினா காத்திருந்தார். முன்னணியில் இருந்த இஸ்ரேலின் லினோய் அஷ்ரம் கடைசி ஆட்டத்துக்கு ரிப்பனுடன் வந்தார். பாதி ஆட்டத்தில் ரிப்பன் கை நழுவித் தரையில் விழுந்தது. கருவி விழுந்தால் குறைந்தது அரை மதிப்பெண் போகும். அதைத் தேடி நடந்தால் இன்னும் போகும். அவர் எடுத்தார், ஆடி முடித்தார். கணக்குப் பார்த்தபோது 107.800 அவருக்கு; 107.650 அவெரினாவுக்கு. ருஷியர்கள் ஆட்சேபித்தார்கள், பலிக்கவில்லை. தீர்ப்புச் சரியா என்று நிபுணர்கள் இன்றும் வாதாடலாம். என் வகுப்புப் பெண்களுக்கு அந்த வாதம் வேண்டியதில்லை. உலகமே பார்த்துக் கொண்டிருக்கும்போது கை தவறியதை எடுத்துக் கொண்டு தொடர்ந்து ஆடினாளே ஒருத்தி, அதுதான் அவர்களை வாய் பிளக்க வைக்கிறது.

இதன் இருண்ட பக்கத்தையும் மறைக்க நான் விரும்பவில்லை. 2016-இல் தங்கம் வென்ற மார்கரீட்டா மாமுன் பயிற்சியின்போது பட்ட பாட்டை மார்த்தா புருஸ் என்ற போலந்து நாட்டுப் பெண்மணி படமாக எடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணைப் பயிற்சியாளர்கள் திட்டுகிற திட்டைக் கேட்டால், நம் ஊர்க் கணக்கு வாத்தியார்கள் சாதுக்கள் என்று தோன்றும். அப்படிப்பட்ட தங்கம் எனக்கு வேண்டாம்.

எனக்கு வேண்டியது மிகவும் சின்ன விஷயம். எட்டாம் வகுப்பு வரையில் மைதானத்தில் ஓடிக் கொண்டிருந்த பெண், ஒரு பத்து நாள் லீவுக்குப் பிறகு திரும்பி வந்ததும் சுவர் ஓரமாக உட்கார்ந்து விடுகிறாள். யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. ஆடச் சொல்வாரும் இல்லை. தேகப் பயிற்சி வகுப்பைப் பாடம் முடிக்காத ஆசிரியர்கள் கடன் வாங்கிக் கொள்கிறார்கள். சென்ற வருஷம் அப்படி உட்கார்ந்த ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். அவள் பந்தை எறிந்து பிடிக்கும் லாகவத்தை நான் பார்த்திருக்கிறேன். தாயார் ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். இராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்.

"வயசுக்கு வந்த பொண்ணு, டீச்சர். அந்த டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார்.

கணுக்கால் வரை மூடிய உடையும் பந்தய விதிகளில் அனுமதிக்கப்பட்டதுதான் என்றேன். அவர் சற்று யோசித்தார்.

"இதனால அவளுக்கு என்ன டீச்சர் கிடைக்கும்?"

ஆறு வயதில் தொடங்க வேண்டிய வித்தை இது. பதிமூன்று வயதில் தொடங்குகிறவளுக்குப் பதக்கம் கிடைக்காது. அதை அப்படியே சொன்னேன். "ஒண்ணும் கிடைக்காதம்மா. அவளுக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அந்த அம்மாள் தம் வீங்கிய கால்களைப் பார்த்துக் கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை, டீச்சர். நான் நல்லா ஸ்கிப்பிங் ஆடுவேன், தெரியுமா?" என்றார்.

சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் என்று அநுமதி கிடைத்தது. இடம்தான் கிடைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாலை நெடுகிலும் யானை நின்று ஆடலாம் போன்ற உயரத்தில் கூரை போட்டுக் கார்களுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் கிடங்குகள் கட்டியிருக்கிறார்கள். பெண் குழந்தைகள் ஒரு வளையத்தை மேலே எறிந்து பிடிப்பதற்கு அந்தச் சாலையில் ஒரு கூரையும் இல்லை. ஏரிக்கரையில் ஆடலாமென்றால் காற்று ரிப்பனைப் பிடுங்குகிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டம் வேறு. கடைசியில் பெஞ்சுகளை ஓரமாக அடுக்கி விட்டு எங்கள் வகுப்பறையிலேயே ஆரம்பித்தோம். ரிப்பன், பெட்டிக் கடைச் சரக்கை ஒட்டுப் போட்டது, வளையம் பிளாஸ்டிக். இப்போது ஏழு பெண்கள் வருகிறார்கள். ரிப்பன் சிக்கிக் கொள்கிறது என்று மின்விசிறியை நிறுத்தி விட்டுத்தான் ஆட வேண்டும். சித்திரை மாதத்தில் அது சாமான்யமல்ல. தலைமையாசிரியர் இரண்டு முறை வாசலில் நின்று பார்த்து விட்டுப் போனார். மூன்றாம் முறை ஒரு நாற்காலியைக் கொண்டு வரச் சொன்னார். ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் அந்தத் தாயாரும் வருகிறார். கயிறு மட்டும் இன்னும் தம் கைக்கு வரவில்லை என்று அவருக்கு ஒரு குறை.