மரமும் நீரும்: ஒரு பட்டறிவு

பிறர்க்கு அறிவுரை கூறுதல் ஆசிரியர்க்கு எளிது. தாம் தவறியதைக் கூறுதல் அரிது. இம்மலரில் அவ்வரிய பணியையே மேற்கொள்கின்றோம்.

கோவில்பட்டியை அடுத்த கரிசற் சிற்றூர் ஒன்றில் எம் பாட்டனார் எழுப்பிய வீடு உள்ளது. அதன் மாடி முகப்பில் தேக்குப் பலகை பாவிய திறந்த தளம் ஒன்றுண்டு. தளம் அமைந்த ஆண்டை ஒரு பலகையில் அவரே உளியால் பொறித்திருந்தார். வெயிலும் மழையும் கரிசற் புழுதியும் பலகைகளைச் சாம்பல் நிறமாக்கின. இல்லத்தில் திருமணம் நெருங்கிய வேளையில், ஊர்திகளைக் கழுவும் அழுத்த நீர்ப்பொறி ஒன்றை வாடகைக்குப் பெற்று யாமே கழுவத் தொடங்கினோம். அரைமணி நேரத்தில் தளம் பொன்னெனத் துலங்கியது. மறுநாள் உலர்ந்ததும் நார் நாராய்ச் சிலிர்த்து நின்றது. பாட்டனார் பொறித்த எண்களில் பாதி கரைந்திருந்தன. தந்தையார் அப்பலகையைக் கையால் தடவினார்; ஒரு சொல்லும் கூறவில்லை.

பழுது பார்க்க வந்த முதிய ஆசாரி, “தம்பி, இரும்பும் மரமும் ஒண்ணா?” என்று கேட்டார். அவரிடமும் பின்னர் நூல்களிலும் யாம் கற்றவற்றை, புதிதாய் இப்பணியில் இறங்கும் இளையோர்க்கு உரைக்கின்றோம்.

மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருளைக் கதிரவனின் புறஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. எனவே சாம்பல் நிறம் வெறும் அழுக்கன்று. மேற்பரப்பு நலிந்ததன் அடையாளம். நலிந்த நாரை மிகை அழுத்த நீர் பறித்துவிடும். ஆதலின் முதலில் துடைப்பத்தால் புழுதியை அகற்றுக. அடுத்து மென்மையான சவர்க்கார நீரூற்றி, தூரிகையால் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க. பெரும்பாலும் இதுவே போதும். பொறி இன்றியமையாததெனின், சதுர அங்குலத்திற்கு 500 பவுண்டு அளவில் தொடங்குக. நீரை விசிறிபோல் விரிக்கும் முனையைப் பொருத்துக. ஓரடித் தொலைவில் நிறுத்தி, மறைவான ஒரு மூலையில் சோதித்த பின்னரே தொடர்க. பீய்ச்சும் நீர் தோலையும் துளைக்கும். ஆதலின் கண்ணுக்குக் காப்பும் பாதத்தை முழுதும் மூடும் காலணியும் வேண்டும்.

நம் வட்டாரத்தில் நீரின் அருமையையும் எண்ணுதல் வேண்டும். நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரிறைக்கும் சிறு பொறியும் ஒரு மணி நேரத்தில் 360 லிட்டரை விழுங்கும். 15 லிட்டர்க் குடத்தால் அளந்தால் 24 குடங்கள். குடிநீருக்குத் தாமிரபரணியை எதிர்நோக்கும் ஊரில் அது சிறிய அளவன்று.

கழுவிய மரம் இரண்டு மூன்று நாள்களேனும் உலர வேண்டும். பின்னர் உப்புத்தாளால் இழைத்து எண்ணெய் பூசுக. ஆடிக் காற்றில் பூசின் புழுதி ஒட்டும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உள்ளே தங்கும்; தை, மாசியே தக்க பருவம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறியாதீர். அது தானே வெப்பமேறித் தீப்பற்ற வல்லது. தீப்பெட்டித் தொழிலால் பெயர் பெற்ற ஊரினர் நெருப்பின் இயல்பை நன்கறிவர். அத்துணியை விரித்துக் காயவிடுக. இல்லையேல் நீரில் அமிழ்த்தி வைக்க.

கழுகுமலை வெட்டுவான் கோயில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து அமைத்தது. ஒருமுறை பெயர்த்த கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. அதை அறிந்தே சிற்பி ஒவ்வோர் உளியையும் வைத்திருப்பான். துலக்கும் பணிக்கும் அந்நிதானம் தேவை. பழமையைத் துலக்குவது வேறு. பழமையையே துடைத்தெறிவது வேறு.

ஆசாரி தளம் முழுவதையும் இழைத்துச் சீராக்கினார். ஆண்டு பொறித்த பலகையை மட்டும் தொட மறுத்தார். இழைப்பின், எஞ்சிய எண்களும் போய்விடுமென்றார். அப்பலகை இன்றும் சொரசொரப்பாகவே உள்ளது. மாடியேறும்போதெல்லாம் எம் பாதம் அதனை உணர்கின்றது. மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்துப் பழைய பொருளொன்றைத் துலக்கப் புகும் நாளில், இப்பலகையை ஒரு கணம் நினைவிற் கொள்ளுங்கள்.