ஏழு செமஸ்டர்

ஆடி மாத ஞாயிறு. முக்கொம்பில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மரத்தடியில் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்திருந்தது ஒரு குடும்பம். அடுத்த மரத்தடியில் நான்.

கணவருக்கு முப்பத்தைந்து இருக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மிளகு தூவியதுபோலத் தீப்பொறித் தழும்புகள். துவாக்குடிப் பட்டறைகளில் வெல்டிங் பக்கம் நிற்பவர்களின் கை. பேச்சும் அதையே சொன்னது.

“நேத்து வந்த பையன் எங்கிட்டதான் வந்து, ‘அண்ணே, இந்த ஜாயின்ட்டுக்கு எந்த ராடு’ன்னு கேக்குறான். சொல்லிக்கொடுத்தது நான், ரிப்போர்ட்டுல கையெழுத்து அவன். அவன் பி.இ., நான் டிப்ளமா.”

மனைவி மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே, “உங்க சித்தப்பா வீட்டுலயே படிச்சு ஏ.எம்.ஐ.இ. பாஸ் பண்ணாருல்ல?” என்றார்.

“அது அப்ப. 2013 மே மாசத்துக்குள்ள பதிஞ்சவங்களுக்குத்தான் அது பி.இ.க்குச் சமம். இப்ப பார்ட் டைம் பி.இ.தான் வழி. மூன்றரை வருசம், ஏழு செமஸ்டர். டூட்டி முடிஞ்சு சாயங்காலம் கிளாஸ்.”

ஏழு என்று கேட்டதும் மகள் விரல் விட்டு எண்ணினாள். ஒன்றாம் வகுப்பு போலிருக்கிறது.

“நீங்க முடிக்கறப்ப பாப்பா நாலாவது படிப்பா. அதுவரைக்கும் அவ தூங்குனப்புறம்தான் வீட்டுக்கு வருவீங்க.”

அவர் பதில் சொல்லவில்லை. கொள்ளிடப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு அதில் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது திருச்சியே பதறியது. பிறகு எழும்பிய புதுக் கதவணையைக் கை நீட்டிக் காட்டினார்.

“அந்த ஷட்டரைப் பாரு. ஒவ்வொரு வெல்டையும் ஒருத்தன் டார்ச் அடிச்சு, குனிஞ்சு பாத்திருப்பான். அவன் பேரு எந்தக் காகிதத்துலயும் இருக்காது.”

எனக்கு நெஞ்சு கனத்தது. இரும்பைத் தொட்டே குணம் சொல்லும் ஒரு மனிதர், கையெழுத்துப் போடும் உரிமைக்காக மகளோடு இருக்கும் மூன்றரை வருட மாலைப்பொழுதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுத்தாவது அதை வாங்கிவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. எழுந்து போய், “சேருங்க தம்பி” என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த மாலைகளைத் தனியாகச் சமாளிக்கப் போகிற பெண் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நான் யார் சொல்ல?

கிண்ணம் காலியானது. மனைவி கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“கடைசித் தேதி எப்போ?”

“வெள்ளிக்கிழமை.”

“போட்டோ புதுசா எடுங்க. பழசுல மீசையே இல்ல.”

அவர் மகளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து ஆற்றோரம் நடந்தார். கண் சொருகியும் இறங்க மாட்டேன் என்றாள் அவள். இருட்டும்வரை அவர்கள் திரும்பவில்லை.