இரண்டாவது மைல்

ரோமானியர் ஆட்சிக்கு உட்பட்ட பாலஸ்தீனத்தில், சாலையில் போகும் எவரையும் ஒரு படைவீரன் நிறுத்தித் தன் மூட்டையைத் தூக்கி வரச் சொல்லலாம். தூக்கித்தான் ஆக வேண்டும். விதைக்கப் போகிறவனா, பிள்ளைக்கு மருந்து தேடிப் போகிறவனா என்று கேட்பாரில்லை. மலைப்பிரசங்கத்தில் இயேசு பேசுவது இப்படி வழிமறிக்கப்பட்டவனிடம். உன்னை ஒரு மைலுக்கு இழுத்துப் போகிறவனோடு இன்னொரு மைலும் நட என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த இடத்தில் மத்தேயு சுவிசேஷத்தின் கிரேக்க மூலம் பயன்படுத்தும் வினைச்சொல்லே, பின்னால் சிரேனே ஊர் சீமோனைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைக்கும் இடத்திலும் வருகிறது. ரோமானிய மைல் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்; தோளில் சுமையோடு வெயிலில் நடக்கிறவனுக்கு அது நீளமான தூரம்.

‘எக்ஸ்ட்ரா மைல்’ என்று இன்று அலுவலகங்களில் புழங்கும் ஆங்கிலத் தொடருக்கு ஊற்று இதுதான். பணியாளரின் ஆண்டு மதிப்பீட்டில் அது பாராட்டு. நேர்காணலில் அது எதிர்பார்ப்பு. கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவன் என்பதால் வேலை தேடும் மாணவர்களின் விண்ணப்பங்கள் என் கைக்கு வரும். முக்கால்வாசிப் பேர் அந்த மைலை நடக்கத் தயார் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். படிக்கும்போது மனம் பொறுப்பதில்லை. முதல் மைல் படைவீரனின் அதிகாரம். இரண்டாவது மைல் நடக்கிறவனுடையது. அவன் தன் மனதால் கொடுப்பது. கட்டாயத்துக்கு நடுவிலும் அவனிடம் மிச்சமிருக்கும் சுதந்திரம் அது. படைவீரனே அதைக் கேட்டு வாங்கினால் இரண்டாவது மைல் என்று ஒன்று இல்லை, முதல் மைல்தான் நீண்டுவிட்டது.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்களெல்லாம் திருவிதாங்கூரின் கீழ் இருந்த 19ஆம் நூற்றாண்டில் ஊழியம் என்றால் அரசுக்குக் கூலியின்றிச் செய்தே தீர வேண்டிய வேலை. நாடார்கள் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையில் அது விழுந்தது. கிறிஸ்தவர்களான பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலாவது அவர்களை விட்டுவிட வேண்டும் என்று மிஷனரிகள் அரசிடம் மன்றாட வேண்டியிருந்தது. அந்த மக்கள் இரண்டு மைல் வசனத்தைத் தமிழில் முதன்முதலாகக் கேட்டபோது அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. இன்று அதே பகுதியில் ஒருவர் ‘ஊழியத்துக்குப் போகிறேன்’ என்றால் இறைபணிக்குப் போகிறார் என்று பொருள். சொல்லை அந்த மக்களே தம் விருப்பத்தால் உயர்த்திக்கொண்டார்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஆங்கிலத்தின் கூடுதல் மைலுக்கு நேர்ந்தது வேறு. அதை உயர்த்திப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் சுமப்பவர்கள் அல்லர்.

இதே கதைதான் சாணைக்கல்லுக்கும். ‘நோஸ் டு தி கிரைண்ட்ஸ்டோன்’, அதாவது மூக்கைச் சாணைக்கல்லோடு வைத்திருப்பது, இப்போது அயராத உழைப்பைக் குறிக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் எழுத்தில் தென்படத் தொடங்கியபோது அதன் பொருள் கொடுமையானது: ஒருவன் இன்னொருவனின் முகத்தைக் கல்லில் அழுத்திப் பிடிப்பது, அடக்கி ஒடுக்குவது. பிடித்திருந்த கை காலப்போக்கில் தொடரிலிருந்து மறைந்துவிட்டது. இப்போது உழைப்பவன் தன் முகத்தைத் தானே கல்லில் வைத்துக்கொள்கிறான், அதற்குப் பாராட்டும் பெறுகிறான்.

கல்லுக்கு அருகே உண்மையிலேயே முகம் வைத்து வேலை செய்தவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திக்கும் கத்தரிக்கும் முள்கரண்டிக்கும் பேர்போன ஊர். சாணை பிடிப்பவர் மரச்சேணம் போன்ற இருக்கையில் கால் விரித்து உட்கார்ந்து, சுழலும் மணற்கல்லின் மேல் குனிந்து இரும்பைத் தீட்டுவார். கத்திக்குத் தண்ணீர் விட்டுத் தீட்டலாம். முள்கரண்டி, ஊசி போன்றவற்றை உலர்ந்த கல்லில் தீட்டினார்கள். கல்லும் இரும்பும் பொடியாகி நேரே நுரையீரலுக்குப் போகும். முதலில் இருமல், பிறகு மூச்சிரைப்பு, பிறகு படுக்கை. ‘கிரைண்டர்ஸ் ஆஸ்துமா’ என்று நோய்க்கே அந்தத் தொழிலின் பெயர் வந்தது. எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் ஷெஃபீல்டு மருத்துவர் நைட் சொன்ன கணக்கு இருக்கிறது: உலர்கல்லில் தீட்டுபவரின் சராசரி ஆயுள் 35 வயதை எட்டுவதே அரிது; தண்ணீர்க் கல்லில் தீட்டுபவருடையது 45ஐத் தாண்டுவது அரிது.

அந்த நூலில் என்னைத் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. கல்லை மூடி, தூசியைக் காற்றால் இழுத்து வெளியேற்றும் ஏற்பாடுகள் அப்போதே வந்துவிட்டன. சாணைத் தொழிலாளர்களே அவற்றை எதிர்த்தார்கள், சில இடங்களில் உடைத்தும் போட்டார்கள். ஆயுள் கூடினால் தொழிலுக்கு ஆள் கூடும், ஆள் கூடினால் கூலி குறையும் என்பது அவர்களுடைய பயம். வயிற்றுக்காக நுரையீரலை விட்டுக்கொடுத்த மனிதர்களை எந்தப் பாராட்டுச் சொல்லால் அழைப்பது? ‘கடும் உழைப்பாளி’ என்று எழுத என் கை வரவில்லை.

பழைய கதை என்றும் தள்ளிவிட முடியாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லைத் தேய்த்து மணி செய்பவர்கள் பலர் வீட்டிலேயே எமரிச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். சிலிகா தூசி அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் போகிறது. அந்தத் தூசியால் நுரையீரலில் வரும் சிலிகோசிஸ் அந்த ஊரின் நோய்.

அமெரிக்கா தந்த ‘பூட்ஸ்ட்ராப்’ தொடரையும் சொல்ல வேண்டும். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது நடக்காத காரியம். நடக்காது என்று காட்டத்தான் 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தொடரைச் சொன்னார்கள். பிறகு அதுவே ஏழைகளுக்கான அறிவுரையாகிவிட்டது.

இவ்வளவும் சொன்னதால் உழைப்பைப் பற்றிய ஆங்கிலச் சொற்களையெல்லாம் நான் வெறுக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். ‘எல்போ கிரீஸ்’ எனக்கு மிகவும் பிடிக்கும். மேசையோ பாத்திரமோ பளபளக்க, கடையில் வாங்கும் எந்தப் பூச்சையும்விட முழங்கையின் எண்ணெய்தான் உதவும் என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் சொல். அதில் வேலை செய்யும் உடம்பும் இருக்கிறது, வேலையின் பலனும் கண்ணெதிரே இருக்கிறது.

அதைவிடப் பிடித்தது ‘புல் யுவர் வெயிட்’. படகோட்டிகளின் பேச்சிலிருந்து வந்தது. எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகில் ஒவ்வொருவரும் தன் உடல் எடைக்கு ஈடாகவாவது இழுக்க வேண்டும். இல்லையென்றால் அவரையும் சேர்த்து மற்ற ஏழு பேர் இழுக்கிறார்கள். மெலிந்தவரிடம் பருத்தவரின் இழுப்பை அது கேட்பதில்லை. கேட்பவரும் அதே படகில் உட்கார்ந்து வியர்ப்பவர். உழைப்பைப் பற்றி ஒருவர் இன்னொருவரிடம் நியாயமாகக் கேட்கக்கூடியது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மாணவர்களுக்கு நற்சான்று எழுதும்போது இந்தத் தொடரைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் இழுத்த பாரம் என்ன என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அப்பா நோயில் படுத்திருக்க, மாலையில் மருந்துக்கடையில் நின்றுகொண்டே படிப்பை முடித்த ஒரு மாணவி, அந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டாம், கம்பெனியில் குறைவாக நினைப்பார்கள் என்றாள். அவள் அங்கே பார்த்த வேலைகளை, சரக்கு சரிபார்த்தது, காலாவதித் தேதி பார்த்து மருந்துகளைப் பிரித்தது, இரவுக் கணக்கு முடித்தது என்று வரிசையாக எழுதிக் கையில் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே முழுவதும் படித்துவிட்டு, “இப்படியே இருக்கட்டும் சார்” என்றாள்.