கச்சான் ஓயும் நாட்கள்

காலாண்டுத் தேர்வு முடியும் புரட்டாசியில்தான் தாத்தாவின் தோணி தூத்துக்குடியிலிருந்து தொண்டிக்கு உப்பு ஏற்றிப் புறப்படும். கச்சான் காற்று ஓயத் தொடங்கியிருக்கும்; வாடை இன்னும் விழுந்திருக்காது. அந்த இடைவெளிக்குள் பாம்பனைத் தாண்டி வடக்கே போய்விட வேண்டும். ஐப்பசி முற்றினால் காற்றும் நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், எதிர்த்து வரும், வங்கக் கடலில் புயலும் கிளம்பும்.

தாத்தாதான் தண்டல், தோணியின் தலைவர். புறப்படும் நாளைக் குறிப்பதைத்தான் தண்டலின் பெரிய வேலையாக அவர் நினைத்தார். இன்று எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஓத அட்டவணை எதுவும் அவரிடம் கிடையாது. நாட்காட்டியில் திதி பார்ப்பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தம் பெரிது. அட்டமி, நவமியில் சிறிது. நாளுக்கு இரண்டு நாழிகை பிந்தும். எங்கள் கடலில் நீர் ஒரு மீட்டர் ஏறுவதே அரிது. ஆனால் உப்பு மூட்டைகளோடு அமுங்கிக் கிடக்கும் தோணிக்குப் பழைய துறைமுகத்தின் ஆழமில்லாத தண்ணீரில் ஒரு முழம் கூடினாலே பெரிய விஷயம். ஏத்தமும் கரைக்காற்றும் பின்னிரவில் சேர்ந்து வரும் நாளுக்காகக் காத்திருப்பார்.

துறைமுகக் கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா என்று சாயங்காலம் பார்த்துவந்து சொல்வது என் வேலை. சரக்குக்காரர் அவசரப்படுத்துவார். "ரெண்டு நாள் பொறுங்க அண்ணாச்சி, காத்து இன்னும் நெல கொள்ளல" என்பார் தாத்தா. 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு யார் சொன்னாலும் அவர் நாளை மாற்றியதில்லை.

பாய் விரித்துவிட்டால் இடப்பக்கம் தீவுகள் ஒவ்வொன்றாக வரும்: வான் தீவு, நல்லதண்ணித் தீவு, அப்பா தீவு, முசல் தீவு. அவற்றைச் சுற்றிப் பவளப் பார்கள். இரவில் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழம் பார்ப்பார்கள். குண்டின் அடியில் கொழுப்பு அப்பியிருக்கும். மேலே வந்ததும் அதில் ஒட்டியதைத் தாத்தா கட்டைவிரலால் தேய்ப்பார். சேறா, மணலா, பார் நொறுங்கலா? நொறுங்கல் என்றால் உடனே சுக்கான் திரும்பும். "ஏலே, நீயும் தொட்டுப் பாரு" என்று என் விரலையும் பிடித்து வைப்பார். கூராக, உப்பு நெடியோடு இருக்கும்.

பாம்பனில் நங்கூரம். 1914இல் திறந்த ரயில் பாலத்தின் தூக்குக் கைகளை ஆட்கள் நெம்பி மேலேற்ற வேண்டும். ரயில் போகும் நேரம் பார்த்துத்தான் அதுவும். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைப் பக்கம் சோநீவாடு இழுக்கும். வாடைக் காலத்தில் வாநீவாடு நேர்மாறாக ஓடும். இடைக்காலத்தில் ஏத்தமும் வத்தமும் பார்த்துத்தான் நடக்க வேண்டும். பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் தோணி தூணில் மோதிவிடும். தாத்தா கொட்டாங்கச்சியைத் தண்ணீரில் போட்டு, அது நகரும் வேகத்தைப் பார்த்தபடி நிற்பார். பாலம் திறந்த நேரத்தில் ஓட்டம் அதிகமென்றால் போகமாட்டார். அடுத்த முறைக்குக் காத்திருப்போம், சில சமயம் மறுநாள்வரை.

தொண்டியில் உப்பு இறங்கியதும் தெற்கே திரும்ப வாடை விழ வேண்டும். அதற்குள் பள்ளி திறந்துவிடும் என்று என்னை ராமநாதபுரம் வழியாகப் பஸ்ஸில் அனுப்பிவிடுவார். தோணி ஐப்பசிக் கடைசியில்தான் ஊர் சேரும். அதுவரை சாயங்காலம் தவறாமல் கூண்டைப் பார்த்துவந்து பாட்டியிடம் சொல்வேன்.